மூன்று மேடு

கோண்டூர் கிரகப்பிரவேசம்.
நாலு மணி நேரக் காட்சி
இருபது நிமிடத்துக்குள் அடங்க வேண்டுமாம்.
"மாடு உள்ள வர்றது கட்டாயம் இருக்கணும்,
மச்சான் மோதிரம் போடுறது இருக்கணும்,
மந்திரத்தையெல்லாம் எடுத்துட்டு
நல்ல பாட்டா ஒண்ணு போட்டுடுங்க மேடம்."
தேவநாதன் அனுப்பிய குரல்பதிவு.
சிப்காட்டில் பாய்லர் பார்ப்பவர்,
எட்டு மணி நேரமும் நெருப்போடுதான் உத்தியோகம்.
வீட்டுக்கு இருபது வருடத் தவணை.

மஞ்சக்குப்பம் மாடியில்
ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு
வெட்டத் தொடங்குகிறேன்.

முதலில் புகை.
புகைக்குள்ளிருந்து ஹேரம்ப வாத்தியார்,
என்னைவிட நாலைந்து வயது இளையவர்,
மணிக்கட்டில் நடையை எண்ணும் கடிகாரம்.
நெய்க்கரண்டி போகிறது, வருகிறது.
திரையின் அடியில் ஒலி
மலைத்தொடராக நகர்கிறது.
ஒவ்வொரு மலையும் இறங்கும் இடத்தில்
அதே மூன்று மேடு:
சின்னதாய் ஒன்று, ஒட்டினாற்போல் இரண்டு.
ந, ம, ம.

முன்னால் வரும் பெயர்தான் மாறுகிறது.
அக்னி. சோமன். இந்திரன். வருணன்.
காட்சியை நிறுத்தி
பின்சுவர்ப் படங்களில் தேடுகிறேன்.
பாடலீசுவரர், பெரியநாயகி,
திருவந்திபுரத்துப் பெருமாள்,
மேல்மலையனூர் அங்காளம்மா,
உரக்கடை காலண்டரில் ஒரு முருகன்.
கூப்பிட்டவர்களில் ஒருவருக்கும்
சட்டம் போட்ட படம் இல்லை.

வாத்தியாருக்குப் போன் போட்டேன்.
ஆல்பேட்டை இரைச்சலில் ஸ்கூட்டர் மேல் இருந்தார்.
"இந்திரனா? இப்ப கோயில்ல
கிழக்குப் பக்கம் வாட்ச்மேன் வேலை.
அன்னிக்கு அவனுக்குத் துணையா
மூணு அடி எடுத்து வெச்சவர்தான்
இன்னிக்குத் தேவர்களுக்கே நாதன்.
உங்க பார்ட்டி பேரே அதுதானே!"
"அந்த ந மம?"
"என்னுது இல்லேன்னு அர்த்தம்.
சிக்னல் விழுந்துடுச்சு, வெச்சுடறேன்."

என்னுடையது இல்லை.
எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தோரு தடவை.
பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட விரலில்
தர்ப்பை மோதிரம் மாட்டிக்கொண்டு
தட்டுத்தடுமாறிச் சொல்லியிருக்கிறார்,
இது அக்னிக்கு, எனதில்லை,
இது இந்திரனுக்கு, எனதில்லை.
வாசல் கிரானைட்டில்
'தேவநாதன் இல்லம்', தங்க எழுத்து.

தானே அடித்த இரவில்
முதுநகர் வீட்டு ஓடுகளை
ஒவ்வொன்றாக உருவி எடுத்தது காற்று.
இந்திரன், வருணன், வாயு,
மூன்று பேரும் சேர்ந்து வந்திருந்தார்கள்.
யாரும் நெய் ஊற்றவில்லை.
ஊற்ற நினைத்திருந்தாலும்
தீப்பெட்டி நனைந்து கிடந்தது.
அம்மா அவர்கள் பேரைச் சொல்லவேயில்லை.
அங்காளம்மா, அங்காளம்மா என்றுதான்
விடிய விடியக் கத்தினாள்,
பக்கத்து ஊருக்குப் போன அக்காளை
அவசரமாகத் திரும்பக் கூப்பிடுவதுபோல.
காலையில் சுவர் இருந்தது.
சுவருக்குள் வானம் இருந்தது.
அம்மா ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு
"நம்மளுதுன்னு என்னாடி இருந்துச்சு" என்றாள்,
புடவையைப் பிழிந்துகொண்டே.

அவளுக்கு வடமொழி
ஒரு சொல் தெரியாது.

பாட்டுப் போட்டாயிற்று.
மாடு வருகிறது, மோதிரம் மின்னுகிறது.
சரணத்துக்கு முன்னால்
பாடகி மூச்சிழுக்கும் இடுக்கில்
மூன்று மேட்டை மட்டும்
வெட்டாமல் விட்டுவைத்தேன்.
தேவநாதன் கண்டுபிடித்தால்
ஏதோ கரகரப்பு என்பார்.

கேமராவை அணைக்க மறந்திருக்கிறான் பையன்.
பந்தி முடிந்து, நாற்காலி அடுக்கி,
ஒருவரும் இல்லாத கூடத்தில்
கடைசி ஏழு நிமிடம்.
கொத்தனார் தனவேல் வருகிறார்.
சாம்பலை முறத்தில் அள்ளிவிட்டு
குண்டம் கட்டிய செங்கல்லைப் பிரிக்கிறார்.
சூடு ஆறவில்லைபோல,
சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் தூக்குகிறார்.
நாலு கல்லை எடுத்துப் போய்
பின்கட்டில் ஆடிக்கொண்டிருந்த மோட்டாருக்கு
அண்டை கொடுக்கிறார்.
சுவிட்சு விழும் சத்தம்.
ஆட்டம் நின்று
தண்ணீர் மேலே ஏறுகிறது.